டாக்டர் போட்ட நடைப் பத்தியம்

போன வாரம் ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. ஜவ்வாது மலையில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ். நல்ல பெண், சுறுசுறுப்பானவள். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுவிடுவாள்.

"அக்கா, வாலிபால் ஆடும்போது தலையில அடிபட்ட பையன் ஒருத்தன் வந்திருக்கான். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு மாசமா தலைவலி, கிறுகிறுப்பு, வெயில் பட்டா கண்ணு கூசுதாம். டாக்டர் மீட்டிங் போயிருக்காரு. வூட்ல நல்லா ரெஸ்ட் எடுன்னு சொல்லி அனுப்பிடவா?"

"அப்படி மட்டும் சொல்லிடாதடி!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நாளைக்கு டாக்டர் வந்ததும் கட்டாயம் காட்டச் சொல் என்றேன். அதுவரை அவன் இருட்டறையில் முடங்க வேண்டாம், வாசலில் மெல்ல நடக்கட்டும் என்றேன். ஏன் அக்கா இவ்வளவு பதறுகிறீர்கள் என்று கேட்டாள். அது ஃபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும். கையும் அப்படித்தான் போலிருக்கிறது.

நர்சிங் படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடவும், காயம் கட்டவும், பிரசவம் பார்க்கவும், பெரிய நர்ஸிடம் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். தலையில் அடி என்றால் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். ஓயாத வாந்தி, நினைவு தப்புதல், வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிவது, கை கால் இழுத்துக்கொள்வது, வலி மணிக்கு மணி ஏறுவது, இதில் எது இருந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அது சரியான பாடம். அந்தப் பாடத்தால் மலையிலிருந்து நூற்றெட்டு வண்டியில் இறங்கிப் போய் உயிர் பிழைத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தவனுக்கு மாதக்கணக்கில் தலை வலித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மலையில் விளையாட்டுக்குக் குறைவே கிடையாது. சாமை அறுத்த கொல்லையில் கோடு கிழித்தால் கபடிக் களம். இரண்டு மரத்துக்கு நடுவில் வலை கட்டினால் வாலிபால். பெண் பிள்ளைகளும் ஆடுவார்கள், அதுவும் சும்மா ஆடமாட்டார்கள், மண்டை உடையத்தான் ஆடுவார்கள். அடிபட்டவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு அனுப்புவோம்.

நான் ஓய்வுபெறச் சில வருஷங்கள் இருந்தபோது டாக்டர் தணிகாசலம் வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். முதல் நாளே அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. காரணம், அவர் பேசவே மாட்டார். ஓ.பி.யில் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். இவர் ஒரு கிழவரிடம், "நேத்து காலையில எழுந்ததுல இருந்து இன்னான்னா பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலி எங்கே, எத்தனை நாளாக என்பதெல்லாம் அப்புறம்தான். எனக்குக் கை பரபரக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு அவருக்கு. கோபம் வர வர மரியாதை கூடும். மருந்து வண்டிக்காரன் மூன்று நாள் தாமதமாக வந்தபோது, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவன் பாவம், டாக்டர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். எனக்குத் தெரியும், கொதிக்கிறார் என்று. நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் சூடு வருகிற மாதிரி தேய்த்துக்கொள்வார். மலைக் குளிரில் அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது, ஐஸ் மாதிரி கை வயிற்றில் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மார்கழி ஆரம்பம். ஓ.பி. முடிகிற நேரம். கன்னியம்மா என்று ஒரு பெண், காவலூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சிற்றூர்க்காரி, மருந்துச் சன்னலுக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டாள். கடையில் தீர்ந்துபோய்விட்டதாம்.

"யாருக்கு?"

"பொண்ணுக்குங்க. தினம் போடுதுங்க."

"தினமா? பொண்ணு எங்க?"

"வூட்ல கீதுங்க. பத்தியத்துல கீது."

டாக்டர் உள்ளிருந்து எழுந்து வந்துவிட்டார். கன்னியம்மாவை உட்காரவைத்து, வழக்கம்போல், தலைவலி தொடங்கிய அன்று காலையிலிருந்து கேட்டார்.

பெண்ணின் பெயர் வெண்ணிலா. பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் அவள்தான் முன்னணி ரெய்டர். மழைக்காலத்துக்கு முன்னால் நடந்த போட்டியில், பாடிக்கொண்டு உள்ளே போனவளை மூன்று பேர் பிடித்து இழுத்ததில், பின்மண்டை தரையில் அடிபட்டது. கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. கீழே டவுனுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அங்கிருந்த டாக்டர், பதினைந்து நாள் நன்றாக ஓய்வு கொடுங்கள், பிறகு கூட்டிவந்து காட்டுங்கள் என்றிருக்கிறார்.

அந்தச் சொல்லைக் கன்னியம்மா மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, பத்தியமாக ஆக்கிவிட்டாள். மலையில் மருந்து என்றால் பத்தியம் உண்டு. பத்தியம் என்றால் மறுபத்தியமும் உண்டு, அதாவது மருந்து எத்தனை நாளோ அத்தனை நாள் அது முடிந்த பிறகும் வாயையும் உடம்பையும் கட்ட வேண்டும். நடுவில் தவறினால் முதலிலிருந்து. இவளும் அப்படியே செய்தாள். வெயில் படக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, யாரும் வந்து பேசக்கூடாது, புத்தகம் கூடாது, மோரும் வாழைப்பழமும் கூடாது. பத்தியம் முடிந்து மறுபத்தியத்தில் இருக்கும்போது பெண் ஒரு நாள் வெளியே வந்தாள். பல நாள் இருட்டில் கிடந்தவளுக்கு வெயில் பட்டால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? வலித்தது. பத்தியம் முறிந்துவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஆவணி போய், ஐப்பசி போய், மார்கழி வந்துவிட்டது. பத்தியத்தில் இருப்பவளை மலையிறக்கக் கூடாது என்று டவுன் டாக்டரிடமும் திரும்பக் காட்டவில்லை. அப்பா கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். ஃபோனில், "டாக்டர் சொன்னபடி செய்" என்று மட்டும் சொல்வாராம்.

"அதான் படிப்பை நிறுத்திடலாம்னு கீறோங்க. பொங்கல் கழிச்சி பேர எடுத்துடுவோம். உசுரோட இருந்தா போதும்" என்றாள்.

நான் அவளைப் பிடித்து வாங்கிவிட்டேன். படிக்கிற பிள்ளையை மாதக்கணக்கில் இருட்டில் போட்டு வைப்பாயா, நீ தாயா, என்றெல்லாம் கேட்டேன். கன்னியம்மா முகம் செத்துப்போனது. "டாக்டர் சொன்னத ஒண்ணும் கொறை வெக்கலீங்களே" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்க கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்களேன்" என்றார். அந்த மரியாதை எனக்குத்தான்.

மறுநாள் இருவரும் என் ஸ்கூட்டியில் அவள் வீட்டுக்குப் போனோம். சன்னலில் கோணி அடைத்திருந்தது. உள்ளே கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டிலில் பெண் படுத்திருந்தாள், தலையில் இறுக்கித் துணி கட்டி. கீழே கன்னியம்மா உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். விளக்கு இல்லை. விரலால் தடவித் தடவிக் காயைப் பிளந்து முறத்தில் போட்டாள். மகள் தனியாக இருட்டில் கிடக்கக் கூடாது என்று இத்தனை மாதமும் வீட்டு வேலை எல்லாம் அந்த இருட்டிலேயே செய்திருக்கிறாள். நேற்று நான் கேட்ட கேள்வி எனக்கே நெஞ்சில் குத்தியது.

டாக்டர் கோணியைப் பிடுங்கவில்லை. ஒரு ஓரத்தை மட்டும் விலக்கினார். பெண்ணிடம், "நேத்து காலையில எழுந்ததுல இருந்து இன்னா பண்ணே?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள். அப்புறம், "ஒரு வரி படிச்சா அடுத்த வரிக்குள்ள மறந்துடுதுங்க. எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சிங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் அழுகைகூட இல்லை. அது ஓய்ந்துபோன குரல்.

"இல்ல" என்றார் டாக்டர். "ஆனா நான் சொல்றதுனால நம்பாதே. பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று அவர் பார்த்த முறை எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. முதலில் ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதி செய்தார். டார்ச் அடித்துக் கண் பாப்பாக்களை, கைகளின் பலத்தை, நாக்கை, முழங்காலில் தட்டினால் வரும் துடிப்பைப் பார்த்தார். குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடக்கவைத்தார். படுத்தும் நிற்கவைத்தும் பி.பி. எடுத்தார். பிறகு கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கழுத்தைத் தொட்டார். பின்கழுத்தில் ஒரு இடத்தை அழுத்தியதும், "அதாங்க! அங்கேருந்துதான் தலவலி ஏறுது" என்றாள். கழுத்துச் சதை கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. விரலை ஆட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். கொஞ்சத்திலேயே தலை கனத்தது.

கடைசிச் சோதனை கொஞ்சம் பயமாக இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, கட்டில் விளிம்புக்கு வெளியே தலையைத் தாழ்த்த வேண்டும். பெண் மிரண்டாள். டாக்டர் திரும்பி, "சிஸ்டர், நீங்க மொதல்ல படுங்க" என்றார். எனக்குப் பெருத்த உடம்பு. கட்டில் கிரீச்சென்றது. தலை தொங்கியதும் கொண்டை அவிழ்ந்து, ஹேர்பின் எல்லாம் தரையில் சிதறியது. முறத்துப் பக்கமிருந்து கன்னியம்மா களுக்கென்று சிரித்தாள். வெண்ணிலாவும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாள் ஆகியிருக்கும். என் மானம் போனது வீண் போகவில்லை.

அவளைப் படுக்கவைத்தபோது, வலது காது கீழே இருக்கிற மாதிரி திரும்பியதும், கண்கள் துடிக்க ஆரம்பித்தன. மணிகள் ஒரு பக்கமாகச் சுழன்று சுழன்று ஓடின. அவள் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவசரப்படவில்லை. துடிப்பு நிற்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். அப்புறம் தலையை மறுபக்கம் திருப்பி நிறுத்தினார். உடம்போடு உருட்டி, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி வைத்து நிறுத்தினார். மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார்.

"இன்னாங்க பண்ணீங்க?" என்றாள் கன்னியம்மா.

"காதுக்குள்ள மணல் மாதிரி துகள் இருக்கும்மா. அடிபட்டதுல இடம் மாறிடுச்சி. அதனாலதான் புரண்டா, மேல பாத்தா சுத்துது. நீங்க மொறத்த சாச்சி சாச்சி மொச்சய ஒரு மூலைக்குக் கொண்டு வர்றீங்கல்ல, அது மாதிரி துகள அதோட எடத்துக்குக் கொண்டுபோறோம்."

"அப்ப எம் பொண்ணு தலைய பொடைச்சிட்டீங்க" என்றாள் அவள்.

மறுபடியும் ஒருமுறை செய்தார். இந்தத் தடவை கண் துடிக்கவில்லை. சுற்றல் நின்றது. எனக்கோ, ஆஹா, வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று தோன்றியது. டாக்டர் கிளம்பவில்லை. சுற்றல் ஒரு பங்குதான் என்றார். கழுத்து இறுகிக் கிடக்கிறது. தினமும் போடும் மாத்திரையே இப்போது தலைவலியைக் கொண்டுவருகிறது. மாதக்கணக்கில் படுத்த உடம்புக்கு நாலு எட்டு வைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. அடிபட்ட ஓரிரு நாள் ஓய்வு நல்லது, அதற்கு மேல் மெல்ல மெல்ல அசைந்தால்தான் மூளை தேறும், அதனால் இனிமேல் நடக்க வேண்டும் என்றார்.

கன்னியம்மா கையை விரித்துவிட்டாள். "பத்தியம் முறிஞ்சி புள்ளைக்கு ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது? நடக்கவெல்லாம் வுடமாட்டேங்க."

நான் பேசினேன். பத்தியம் என்று ஒன்றே இல்லை, டவுன் டாக்டர் சொன்னது பத்தியமே இல்லை என்று தொண்டை வற்றப் பேசினேன். பேசப் பேச அவள் கதவைச் சாத்துகிற மாதிரி ஆகிக்கொண்டே போனாள். டாக்டர் எழுந்தார். வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். பாதி வழியில் திடீரென்று, "சிஸ்டர், பத்தியத்த யாரு முடிச்சி வெப்பாங்க?" என்று என் காதுப் பக்கம் கேட்டார்.

"மருந்து குடுத்தவங்கதான். எண்ணெ தேச்சிக் குளிக்கவெச்சி, நாட்டுக்கோழி சாறு குடுத்து முடிப்பாங்க."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மீண்டும் போனோம். இந்தத் தடவை அவர் கன்னியம்மா எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீங்க கொறை இல்லாம பத்தியம் காத்துட்டீங்க. அது முடிஞ்சிடுச்சி. இன்னிக்கு எண்ணெ வெச்சிக் குளிக்க வையுங்க. சாறு குடுங்க. நாளையில இருந்து நான் வேற பத்தியம் போடறேன். அது மொத பத்தியத்த விட கஷ்டம். உங்களால முடியுமா?"

கன்னியம்மா நிமிர்ந்தாள். "சொல்லுங்க."

சொன்னார். தினம் காலையில் பெண் நடக்க வேண்டும். முதலில் வீட்டிலிருந்து ஈச்ச மரம் வரை. தலை லேசாகக் கனத்தால் பரவாயில்லை, வலி ஏறிக்கொண்டே போனால் நின்று, உட்கார்ந்து, திரும்பிவிட வேண்டும். மறுநாள் அதே இடம். இரண்டு மூன்று நாள் நன்றாகப் போனால்தான் அடுத்த இடம். உடம்பு ஜோராக இருக்கிறது என்று ஒரு எட்டுகூடக் கூடுதலாகப் போகக்கூடாது. புத்தகமும் அப்படியே, ஒரு பக்கத்தில் ஆரம்பித்து மெல்ல ஏற வேண்டும். மாத்திரை தினமும் கிடையாது, வலி பொறுக்க முடியாத நாளுக்கு மட்டும். பகலில் படுக்கை கிடையாது. கழுத்துக்கு நான் வந்து பயிற்சி சொல்லித்தருவேன். எல்லாம் சாப்பிடலாம்.

கன்னியம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில், "மறுபத்தியம் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் முந்திக்கொண்டார். "உண்டு. எல்லாம் சரியானப்புறமும் கொஞ்ச நாளு, களத்துல தனியா ஓடலாம், கோடு தொட்டுப் பழகலாம். ஆனா அவள யாரும் புடிக்கக்கூடாது, அவளும் யாரையும் புடிக்கக்கூடாது. நான் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் ஆட்டம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டணத்தில் படித்தவர்களிடம் இதே நடையைச் சொல்லிப் பாருங்கள். நன்றாக இருக்கிற நாளில் இரண்டு மடங்கு நடப்பார்கள், மறுநாள் படுத்துக்கொண்டு டாக்டரைத் திட்டுவார்கள். இந்தச் சிகிச்சைக்குத் தேவையானது கறார்தான். அது கன்னியம்மாவிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஒரு நாள் ஈச்ச மரத்தடியில் தாயும் மகளும் சண்டை போடுவதை நானே பார்த்தேன். "இன்னிக்கு நல்லா கீதும்மா, குட்டை வரிக்கும் போறேன்" என்கிறாள் மகள். "டாக்டரு சொன்ன எடம் இதான். திரும்பு, வூட்டுக்கு" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள் தாய். வண்டியில் உட்கார்ந்தபடியே சிரித்துத் தீர்த்தேன்.

ஈச்ச மரம் போய்க் குட்டை வந்தது. குட்டை போய் மேட்டுக் கொல்லை வந்தது. தினப்படி தலைவலி விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. காவலூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்க்கும் ஆய்வகத்துக்காகத் தெருவிளக்கெல்லாம் அடக்கமாகத்தான் எரியும். அந்த மங்கலில் சாயங்காலமும் கொஞ்சம் நடந்து பழகினாள். கண் கூச்சம் குறைந்தது.

அப்புறம் காணும் பொங்கல் வந்தது. வெண்ணிலா தோழிகளோடு ஆட்டம் பார்க்கத்தான் போனாள். விசில் சத்தம் கேட்டதும் கால் நிற்கவில்லை. களத்துக்குள் ஓடி, ஒரு பாட்டுப் பாடித் திரும்பியிருக்கிறாள். யாரும் தொடக்கூட இல்லை. ஆனால் அன்றைய இரைச்சலும் வெயிலும் ஓட்டமும் சேர்ந்து, மறுநாள் எழுந்திருக்க முடியாத தலைவலி.

டாக்டர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். செய்தி கேட்டு நான் ஓடினேன். சன்னலில் மறுபடியும் கோணி. கன்னியம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே என்னை விடுகிற உத்தேசம் இல்லாமல். "முறிஞ்சிடுச்சி நர்சம்மா. மொதல்லேருந்து இருட்டுலதான் வெக்கணும். பள்ளிக்கூடத்துல பேர எடுக்கச் சொல்லி அவுங்கப்பாவும் சொல்லிட்டாரு."

எனக்கு வழக்கமாக வரும் கோபம் அன்று வரவில்லை. பயம்தான் வந்தது. இந்தப் பெண் மறுபடி அந்த அறைக்குள் போனால் இனி வெளியே வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முதலில் பெண்ணைப் பார்க்க விடு என்றேன். வாந்தி இல்லை, கண் பாப்பா சரி, கை கால் சரி, பேச்சு தெளிவு. ஆபத்து ஒன்றும் இல்லை. வெளியே வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"கன்னியம்மா, உம் பத்தியத்துல தவறினா மொதல்லேருந்து. டாக்டரு போட்டது அப்படியா? அவரு இன்னா சொன்னாரு, சொல்லு பாக்கலாம்."

அவள் யோசித்தாள். விரல்களை மடக்கினாள். "வலி ஏறினா திரும்பிடணும். மறுநாளு... அதே எடம்."

"ஈச்ச மரத்துக்குப் போகச் சொன்னாரா?"

"இல்லீங்க."

"இருட்டுக்குள்ள போகச் சொன்னாரா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க பொறுப்பா நர்சம்மா?"

"நான் பொறுப்பு" என்றேன். கன்னியம்மா உள்ளே போனாள். கோணியை அவளேதான் உருவினாள். அன்று ஒரு நாள் மட்டும் வீட்டோடு இருந்துவிட்டு, மறுநாள் வெண்ணிலா அதே மேட்டுக் கொல்லை வரைக்கும் நடந்தாள். முனகிக்கொண்டேதான் நடந்தாள். ஆனாலும் நடந்தாள்.

தை கடைசியில் பள்ளிக்கு அரை நாள் போக ஆரம்பித்தாள். ஸ்கேனில் ஒன்றுமில்லையே, நடிக்கிறாளோ என்று ஒரு ஆசிரியர் கேட்டாராம். டாக்டர் நேரில் போய் அவரை, "சார், சார்" என்று அழைத்து அவ்வளவு பணிவாகப் பேசிவிட்டு வந்தார். அப்புறம் வெண்ணிலாவுக்குச் சன்னல் வெயில் படாத பெஞ்சும், நடுவில் எழுந்து போய்வர அனுமதியும் கிடைத்தன. அவள் திரும்பக் கபடி ஆடினாளா என்று கேட்பீர்கள். ஆடினாள், அடுத்த பருவத்தில், மறுபத்தியத்தை ஒரு பிசகும் இல்லாமல் முடித்துவிட்டு. ஆட்டம் பார்க்க வந்த கன்னியம்மா முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் எனக்குப் பெரிது கபடி இல்லை, அந்த வருஷப் பொதுத் தேர்வுதான். ஒரு வரி படித்தால் மறந்துபோகிறது என்று சொன்ன பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். மற்றப் பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டாள். கடைசிப் பரீட்சை வரலாறு, அவளுக்கு எப்போதுமே உதைக்கிற பாடம். அன்று நான் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். கன்னியம்மா எனக்கு முன்னாலேயே வந்து, புங்க மரத்தடியில் நின்றிருந்தாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சலாக வெளியே வந்தார்கள். கூட்டம் வடிந்த பிறகுதான் வெண்ணிலா வந்தாள். முகம் வாடியிருந்தது.

"இன்னாடி?" என்றாள் கன்னியம்மா.

"கடைசி அஞ்சு மார்க்கு கேள்வி எழுதலம்மா."

கன்னியம்மா என் கையைப் பிடித்தாள். "தல வலிச்சிச்சா? மறந்துடுச்சா?"

வெண்ணிலா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். "தல நல்லாத்தாம்மா கீது. அந்தப் பாடத்த நான் படிக்கவே இல்ல. அது வராதுன்னு வுட்டுட்டேன்."

கன்னியம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "படிக்காம போனியாடி, கழுத!" என்று மகளை முதுகில் ஒன்று வைத்தாள். ஆவணிக்குப் பிறகு அந்தப் பிள்ளை மீது அவள் வைத்த முதல் அடி அதுதான். வெண்ணிலா ஓடினாள். அம்மா திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். நான் புங்க மரத்தடியில் நின்றுகொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, அழுதேன்.